எட்டு ஸ்டோன்

ஆஸ்பத்திரித் தராசில் ஏறி நின்றதும் ரெமிஜியஸ் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டான். மூச்சை இழுத்தால் எடை குறையாது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? ரேஸ் கோர்ஸில் வாலிபம் முழுக்கத் தராசின் முன்னால் நின்றவன். பழக்கம் போகவில்லை.

சிஸ்டர் பிரிஜெட் இரும்புத் தண்டின் மேல் குண்டை நகர்த்தினார். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். தண்டு ஆடி ஆடி நடுவில் நின்றது.

"நூத்திப் பன்னிரண்டு பவுண்டு," என்றார். முகம் சுருங்கிவிட்டது. "போன ஊசிக்கு வந்தப்போ இருந்ததை விட ரொம்ப இறங்கிப்போச்சுப்பா. வீட்ல என்னதான் சாப்பிடறே நீ?"

"இன்னொரு வாட்டி பாருங்க சிஸ்டர்."

"எத்தனை வாட்டி பார்த்தாலும் அதேதான்."

"பரவால்ல, பாருங்க."

மறுபடியும் பார்த்தார். அதேதான். ரெமிஜியஸ் சிரித்தான். பல் தெரிய, வெட்கப்பட்ட சிரிப்பு. சிஸ்டர் பிரிஜெட் அந்த வார்டில் எத்தனையோ பேரை எடை போட்டிருக்கிறார். இறங்கிய எடையைக் கேட்டுச் சிரித்த நோயாளியை அன்றுதான் பார்த்தார்.

நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு என்றால் எட்டு ஸ்டோன். ஜாக்கியின் எடை.

ரேஸ் கோர்ஸில் ரெமிஜியஸுக்கு 'ரைடிங் பாய்' என்று பெயர். நாற்பதை நெருங்கியும் பாய்தான். விடியற்காலையில் குதிரைகளை ஓட்டிப் பழக்குவது அந்த வேலை. எந்தக் குதிரை வலப்பக்கம் இழுக்கும், எது சாட்டையைக் கண்டால் முரண்டு பிடிக்கும், எதற்கு முதல் வளைவில் மூச்சு வாங்கும் என்பதெல்லாம் அவன் தொடைக்குத் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் அதே குதிரையின் மேல் இன்னொருவன் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு ஏறுவான். ரெமிஜியஸ் வேலியோரம் நின்று பார்ப்பான். காலையில் அவன் கைக்குள் இருந்தது, மத்தியானம் கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே ஒரு நிறமாக மட்டும் போகும்.

பயிற்சிக்குச் சேர்ந்த வயதில் அவனையும் ஜாக்கியாக்கத்தான் பார்த்தார்கள். கம்பளிக் கோட்டுக்கு மேல் கோட்டு போட்டு வெயிலில் ஓடவிட்டார்கள். பேதி உப்புக் கொடுத்தார்கள். எலுமிச்சைத் தண்ணீரிலேயே ஒரு சீசனை ஓட்டினான். தராசு ஒன்பதுக்குக் கீழே இறங்கவே மறுத்தது. "எலும்பே கனம் இவனுக்கு," என்று டிரெயினர் துரை கையை விரித்துவிட்டார். அன்றைக்குப் போன ஆசை எங்கும் போகவில்லை. உடம்புக்குள்ளேயே ஒரு மூலையில் சுருண்டு படுத்திருந்தது.

கட்டியை முதலில் கண்டுபிடித்தது அவன் மனைவி பியாட்ரிஸ். சாமியார் மந்திரித்துக் கழுத்தில் போட்டிருந்த உத்தரியத்தின் கயிறு ஓரிடத்தில் தூக்கிக்கொண்டு நின்றதாம். தொட்டால் பட்டாணி அளவு. பிறகு நெல்லிக்காய். பிறகு அக்குளிலும் ஒன்று. டாக்டர் அம்மா ஒரு துண்டை வெட்டியெடுத்து எங்கோ அனுப்பிப் பார்த்துவிட்டு, ஒரு புது மருந்து வந்திருக்கிறது, நரம்பில் ஏற்ற வேண்டும், மாதம் ஒரு சுற்று என்றார். சண்டைக்காலத்து விஷப்புகையை ஆராயப் போய்க் கிடைத்த மருந்தாம். கட்டி கரையும், கூடவே உடம்பும் கரையும் என்று பாதி ஆங்கிலத்தில் சொன்னார். அதற்கு மேல் பியாட்ரிஸை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்தவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "குதிரைகிட்டப் போகக் கூடாதாம். ரத்தத்துல வெள்ளை அணு குறைஞ்சிருமாம். புழுதி, வைக்கோல், கூட்டம் எதுவும் ஆகாதாம்," என்றாள். அதை மட்டும்தான் சொன்னாள்.

ஆஸ்டின் டவுனில் அவர்களுடையது ஒற்றை அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீடு. பியாட்ரிஸ் கான்வென்ட் பள்ளியில் ஆயா. அவள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் ரெமிஜியஸும் சுவரில் இருக்கும் திரு இருதயப் படமும்தான். ஊசி போட்ட வாரம் எந்த வாடையும் ஆகாது. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் இவன் ஜன்னலைச் சாத்துவான். காப்பி வாடை வந்தால் போர்வையைத் தலைமேல் இழுப்பான். வாய்க்குள் செப்புக்காசை அடக்கி வைத்தது போல ஒரு ருசி. கஞ்சியில் உப்புப் போட்டாலும் தெரியாது, போடாவிட்டாலும் தெரியாது. மருந்து ஏறிய நரம்பு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கறுத்து, கயிறு மாதிரி விறைத்துக் கிடந்தது. தலைமுடி சீப்போடு வந்தது. அடுத்த வாரம் வாடை கொஞ்சம் அடங்கும். அதற்கடுத்த வாரம் எழுந்து கோயில் வரை நடப்பான். தெம்பு திரும்புகிற மாதிரி இருக்கும்போதே அடுத்த ஊசி வந்துவிடும்.

தூக்கம் மட்டும் பழையபடி இருட்டோடு கலைந்தது. கண்ணை மூடியபடி கிடப்பான். ரோட்டில் ஜட்கா ஒன்று போகும். குளம்புச் சத்தத்தில் ஒரு கால் தாமதித்து விழுவதைக் கேட்டு, 'முன்னங்கால், இடது, லாடம் தேய்ஞ்சிருக்கு,' என்று தனக்குள் சொல்லிக்கொள்வான். போர்வைக்குள் அவன் முழங்கால்கள் எதையோ இறுக்கிப் பிடிக்கும். அங்கே ஒன்றும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிந்தப்பா வருவான். ஜோகுபாளையத்துக்காரன், குதிரை பார்த்துக்கொள்ளும் சைஸ். இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பியாட்ரிஸ் அவனை வாசற்படியிலேயே நிறுத்திச் சோப்பை நீட்டுவாள்.

"முழங்கை வரைக்கும் கழுவுங்கண்ணா."

"ஏம்மா, ஆபரேசனா பண்ணப் போறேன்?"

"கழுவுங்க."

கழுவிவிட்டுக் கதவுக்குப் பக்கத்திலேயே உட்காருவான். மெழுகுவர்த்தியின் செய்தி சொல்வான். மெழுகுவர்த்தி என்பது ஒரு கறுப்புப் பெண்குதிரை. நெற்றியிலிருந்து மூக்குவரை ஒல்லியாக ஒரு வெள்ளைக் கோடு. அதனால் லாயத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ரேஸ் புத்தகத்தில் வேறு இங்கிலீஷ் பெயர் இருந்தது. அதை யார் கண்டது? குட்டியாக வந்த நாளிலிருந்து அவளைப் பழக்கியவன் ரெமிஜியஸ்.

"ஒழுங்கா தின்றாளா?"

"தின்றா. ஓட்டறதுதான் பேஜாரா இருக்கு. புதுப் பசங்க ஏறினா கையைப் பிடுங்கிட்டு ஓடறா. ஒருத்தனை மண்ணுல உருட்டிட்டா."

ரெமிஜியஸுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் முன்னால் சாய்ந்தான். கோவிந்தப்பாவின் சட்டையிலிருந்து வேகவைத்த கொள்ளு, தவிடு, குதிரை வியர்வை எல்லாம் சேர்ந்த வாடை வந்தது. உலகத்தில் எல்லா வாடையும் குமட்டியது. இது ஒன்று மட்டும் குமட்டவில்லை. பியாட்ரிஸ் உள்ளே போன நேரம் பார்த்து இன்னும் கொஞ்சம் சாய்ந்தான்.

"என்னடா என்னை மோந்து பார்க்கறே? நானென்ன பெண்டாட்டியா?"

"சும்மா இருடா. இன்னும் கொஞ்சம் கிட்ட வா."

எட்டு ஸ்டோன் என்று கேட்டு வந்த அந்த வாரத்தில்தான் மைக்கேல்ராஜ் பார்க்க வந்தான். இளம் ஜாக்கி, நல்ல கை. சீசன் நடந்துகொண்டிருந்தது, சனிக்கிழமை மெழுகுவர்த்தி மேல் ஏறப்போவது அவன்தான். ஒரு பை ஆப்பிளோடு உள்ளே வந்தவன், கட்டிலில் உட்கார்ந்திருந்த ரெமிஜியஸைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். மற்றவர்கள் ரெமிஜியஸைப் பார்த்தால் முதலில் வருவது இரக்கம். மைக்கேல்ராஜின் பார்வை கன்னத்திலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து தொடைக்கும், குதிரையைக் கணக்குப் போடுகிற மாதிரி இறங்கியது.

"அண்ணா... என்ன எடை இருக்கீங்க?"

"எட்டு."

"உடுப்போடயா?"

"உடுப்போட."

மைக்கேல்ராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தான். சமையற்கட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "என்ன ஊசிண்ணா அது?"

"கழுத்துக் கட்டிக்குப் போடறாங்க."

"அது ஊருக்கு. எங்கிட்ட நிஜத்தைச் சொல்லுங்க. பம்பாய்ல ஒரு ஜாக்கி ஊசி போட்டே எடையை எறக்கினானாம். நான் தண்ணியைக்கூட எண்ணி எண்ணிக் குடிக்கறேன். நேத்து வெந்நீர்த் தொட்டியில மயங்கிட்டேன். அப்பவும் எறங்க மாட்டேங்குது. அந்த டாக்டர் அம்மாகிட்ட எனக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்கண்ணா."

ரெமிஜியஸுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும், நெஞ்சில் ஏதோ இனித்தது. ஒரு ஜாக்கி, பட்டுச் சட்டை போடுகிற ஜாக்கி, அவன் எடையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான்! இதற்குத்தானே எலுமிச்சைத் தண்ணீர் குடித்தது?

"இது வேற தம்பி. இது நோய்க்கு," என்றான்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ரகசியம் வச்சுக்காதீங்கண்ணா."

"சரி. அடுத்த ஊசிக்கு எங்கூட வா."

வந்தான். தலையை வாரிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, டாக்டர் அம்மாவிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று யோசித்தபடி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணாடிப் புட்டியிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கறுத்துப்போன கையில் நரம்பு அகப்படாமல் மற்றக் கையில் தேடினார்கள். டாக்டர் அம்மா குழாயின் ஓரமாக மருந்தை மெதுவாக ஏற்றினார். ஒரு துளி தோலில் பட்டாலும் வெந்துவிடும் என்று ரப்பர் உறை போட்டிருந்தார். மைக்கேல்ராஜ் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஆரம்பித்தது. எனாமல் பேசினை முதலில் சிஸ்டர் பிரிஜெட்தான் பிடித்தார். அடுத்த கட்டிலில் கூப்பிட்டார்கள். "நீ தம்பியா? இதைப் பிடி," என்று மைக்கேல்ராஜின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவன் பிடித்தான். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போன பிறகும் ரெமிஜியஸின் உடம்பு முழுவதும் வளைந்து வளைந்து எதையோ வெளியே தள்ளப் பார்த்தது. முதுகெலும்பு சட்டைக்குள் முடிச்சு முடிச்சாக எழுந்து அடங்கியது. இடையில் ஒருமுறை தலையைத் தூக்கி, "பார்த்தியா?" என்றான். மைக்கேல்ராஜ் ஒரு கையால் பேசினைப் பிடித்தபடி மற்றக் கையால் அவன் நெற்றியைத் தாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் ஜட்காவில் வரும்போது, ஆஸ்டின் டவுன் மைதானம் தெரிந்த பிறகு மைக்கேல்ராஜ், "நான் ஓடியே எறக்கிக்கறேண்ணா," என்றான்.

ரெமிஜியஸ் அந்த நிலையிலும் சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கியதும், "எனக்கு ஒண்ணு செய்வியா?" என்று கேட்டான். "காலை வேலைக்கு மெழுகு மேல என்னை ஏத்து. உன் ரேஸ் சேணத்துல. சேணத்தோட தராசுல உக்காந்துட்டு, ஜாக்கி மாதிரி ஏறணும். ஒரு தடவை. இந்த எடை இருக்கறப்பவே."

"டாக்டர் அம்மா—"

"அவங்க குதிரை ஏறினதில்ல."

மூன்றாவது வாரம், எழுந்து நடக்க முடிந்த ஒரு விடியலில் அவன் கிளம்பினான். மழை தூறி விட்டிருந்தது. பியாட்ரிஸ் கதவில் சாய்ந்து நின்றாள்.

"எங்கே?"

"பூசைக்கு."

"பூசைக்கு பிரீச்சஸ் போட்டுக்கிட்டா போவாங்க?"

அவன் குனிந்து பார்த்தான். முழங்காலுக்குக் கீழே இறுக்கிப் பிடிக்க வேண்டிய குதிரைக் கால்சட்டை, சாக்குப்பை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவை, பியா."

"புழுதி ஆகாதுன்னாங்க. உங்களுக்குக் காய்ச்சல் வந்தா நான் யாரைப் போய்க் கேட்பேன்? அந்தக் குதிரையையா?" கதவை விட்டு நகரவில்லை. "கீழே விழுந்தா?"

"மழை பெஞ்சிருக்கு. புழுதி இருக்காது."

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் துவைத்த கைக்குட்டை ஒன்றைக் கொண்டுவந்து, மூக்கையும் வாயையும் மூடி, பின்னங்கழுத்தில் முடிச்சுப் போட்டாள். முடிச்சு கொஞ்சம் இறுக்கமாகவே விழுந்தது. "போங்க. உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, நிறுத்தினா நிக்க மாட்டீங்க," என்றாள். கோவிந்தப்பா சைக்கிளோடு தெருமுனையில் காத்திருந்தான்.

ஜாக்கிகள் எடை பார்த்துக்கொள்ளும் அறையில் நாற்காலி வைத்த தராசு ஒன்று உண்டு. அந்த அறை வாசலை எத்தனையோ வருஷமாகக் கடந்து போயிருக்கிறான், உள்ளே வேலையில்லை. மைக்கேல்ராஜ் தன் சின்னச் சேணத்தை அவன் மடியில் வைத்தான். கைப்பிடி அளவு தோல், ஒரு பூனைக்குட்டி கனம். ரெமிஜியஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்த முறை மூச்சை இழுக்கவில்லை.

முள் ஏறி நின்றது. மைக்கேல்ராஜ் குனிந்து பார்த்தான். கோவிந்தப்பா பார்த்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு?"

"கம்மியா இருக்குண்ணா," என்றான் மைக்கேல்ராஜ். "சேணத்தோட சேர்த்தே ஏழரை. அவ எட்டு சுமக்கணும். ஈயம் போடணும்."

எடை குறைந்த ஜாக்கிக்குச் சேணத்தின் அடித்துணியில் ஈயத் தகடு சொருகி நிகர் செய்வார்கள். பதினாறு வயதுப் பையன்களுக்குச் செய்வது. தனக்கு ஈயம்! ரெமிஜியஸ் வாய்விட்டுச் சிரிக்கப் போனான். கோவிந்தப்பா தகடுகளை ஒவ்வொன்றாகப் பையில் செருகுவதைப் பார்த்தபோது சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தட்டையாக, சாம்பல் நிறத்தில், குளிர்ந்து கிடந்தன. ஒவ்வொன்றும் தன் உடம்பில் எந்தெந்த இடத்திலிருந்து போனதோ என்று நினைத்தான்.

தராசிலிருந்து குதிரை வரைக்கும் ஜாக்கிதான் சேணத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கோவிந்தப்பா கையை நீட்டினான். "கொடுடா. இங்க எந்தத் துரை பார்க்கறார்?"

"நானே."

ஈயம் நிறைந்த சேணம் கையை முழங்காலுக்கு இழுத்தது. புங்கமரத்தடியில் ஒருதரம் நின்றான். தண்ணீர்த்தொட்டி விளிம்பில் வைத்து ஒருதரம் நின்றான். மற்ற இருவரும் அவனுக்காகக் காத்திருப்பதைக் காட்டிக்கொள்ளாமல் வானத்தைப் பார்த்தார்கள்.

மெழுகுவர்த்தி நனைந்த புல்லில் நின்றுகொண்டிருந்தாள். கைக்குட்டைக்கு மேல் தெரிந்த கண்ணை அவளுக்கு அடையாளம் தெரிந்ததோ என்னவோ, மூக்கை அவன் அக்குளில் முட்டினாள். கோவிந்தப்பா அவன் முழங்காலைப் பிடித்து வழக்கமான பலத்தோடு மேலே ஏற்றிவிட்டான். ரெமிஜியஸ் சேணத்தைத் தாண்டி அந்தப் பக்கம் விழப் பார்த்தான். பிடரிமயிரைப் பற்றிச் சமாளித்து உட்கார்ந்தான்.

"மன்னிச்சுக்கோடா," என்றான் கோவிந்தப்பா.

கால் வைக்கும் அங்கவடி ஜாக்கிகளுக்குள்ளபடி உயரத்தில் இருந்தது. முழங்கால் மடங்கி, உடம்பு முன்னால் குவிந்து, காற்றில் தொங்குகிற மாதிரி ஒரு இருப்பு. பக்கத்தில் மைக்கேல்ராஜ் இன்னொரு குதிரையில் வந்தான். முதலில் நடை. பிறகு ஓட்டம். வளைவு தாண்டியதும் மெழுகுவர்த்தி கழுத்தை நீட்டினாள்.

அவள் போனாள். மழைத்துளி ஒட்டிய வேலி ஒரு நீண்ட வெள்ளைக் கோடாக ஓடியது. இத்தனை வருஷம் அடக்கி, நிறுத்தி, மிச்சம் வைத்து ஓட்டிய குதிரையை முதல்முறை விட்டுவிட்டான். காலியான ஸ்டாண்டும் நனைந்த பெஞ்சுகளும் ஒரு கணம் அவன் பக்கம் திரும்பின. கைக்குட்டைக்குள் அவன் எதையோ கத்தினான். அது அவன் காதுக்கே எட்டவில்லை.

ஆனால் அவள் காது திரும்பவே இல்லை. அதுதான் அவனுக்கு உறைத்தது. முன்பெல்லாம் இடுப்பை அரைவிரல் நகர்த்தினால் ஒரு காது பின்னால் திரும்பிக் கேட்கும். இப்போது முதுகில் ஒருவன் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. வாரை இழுத்தான். கயிறு மாதிரி விறைத்த கைநரம்பில் வலி ஏறியது. அவள் வேகம் குறையவில்லை. தொடை நடுங்கியது. கடைசியில் மைக்கேல்ராஜ் ஒட்டி வந்து, கையை நீட்டிக் கடிவாளத்தைப் பிடித்து இருவரையும் நடைக்குக் கொண்டுவந்தான்.

திரும்பி வரும்போது வேலிப் பக்கம் டிரெயினர் துரை நின்றுகொண்டிருந்தார். சீக்கிரமே வந்துவிட்டார். கழுத்தில் தொங்கும் பைனாகுலரைக் கண்ணில் வைத்திருந்தார்.

"கோவிந்த்," என்று அவர் கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது. "யார் அந்த ஜாக்கி?"

எத்தனை வருஷம் ஏங்கியிருப்பான் அந்த வார்த்தைக்காக. வந்தது. நேராக வந்து அவன் மேல் விழுந்தது. கூடவே, தன்னை ஏன் அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்பதும் புரிந்தது.

"நம்ம ரெமிதான் சார்," என்றான் கோவிந்தப்பா.

துரை பைனாகுலரை இறக்கினார். கிட்டே வந்தார். மைக்கேல்ராஜைப் பார்த்த பார்வையில் அவன் தலைகுனிந்தான். பிறகு ரெமிஜியஸின் தொங்கும் கால்சட்டையை, கையை, கைக்குட்டையைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் லாயத்துத் தமிழ்தான்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"பிளடி ஃபூல்." குதிரையின் கழுத்தைத் தட்டினார். அவள் வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். அவனைப் பார்க்காமலே பேசினார். "உன்னை மதிக்கல இவ. நீ ரொம்ப லேசு. லேசான பசங்க கையில இவ வாய் கெட்டுப்போச்சு. எனக்குக் கனமான ஆள் வேணும். ஒன்பது ஸ்டோன் ஆகி வா. அதுக்கு முன்னால இந்தப் பக்கம் பார்த்தேன், சாட்டைதான்."

"சரி சார்," என்றான் ரெமிஜியஸ்.

இறங்கும்போது மைக்கேல்ராஜ் தோள் கொடுத்தான். "எப்படிண்ணா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு," என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவளுக்கு நான் இருக்கறதே தெரியலடா," என்றான்.

வீட்டுக்குக் கோவிந்தப்பாதான் சைக்கிள் கேரியரில் வைத்துக் கூட்டிப்போனான். ஊர் விழித்துவிட்டிருந்தது. பால்காரர்கள், ஆபீஸ் போகிறவர்கள், ரெசிடென்சி ரோட்டில் ஒரு பஸ். கோவிந்தப்பா மிதித்துக்கொண்டே போனான். வழியில் மேடு ஒன்று வந்தது. இரண்டு பேராகச் சைக்கிளில் போகும்போது மேடு வந்தால் பின்னால் இருப்பவன் இறங்கி நடப்பது வழக்கம். ரெமிஜியஸ் காலை ஊன்றப் பார்த்தான்.

"உக்காருடா," என்றான் கோவிந்தப்பா. "மிதிச்சிருவேன். ஒண்ணும் தெரியல எனக்கு."

"நிறுத்து."

"சும்மா உக்காருன்னா."

"நிறுத்துடா, சொல்றேன்."

சைக்கிள் நின்றது. ரெமிஜியஸ் கேரியரிலிருந்து இறங்கி, கைக்குட்டையைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, ஒரு கையால் சீட்டைப் பிடித்தபடி மேட்டில் நடக்க ஆரம்பித்தான். கோவிந்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தான். மூச்சு வாங்கியது. இரண்டு தடவை நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் மணியடித்துக்கொண்டு விலகிப் போனார்கள்.